ஆர்-12 போய் ஆர்-134ஏ வந்த கதை: ஒரு பழைய கார் ஏசியை முன்வைத்து

2004-ல் நான் டெக்சாஸ் மாநிலம் டல்லாஸில் ஒரு ப்ராஜெக்டில் இருந்தேன். ஊருக்கே திரும்பிப் போகிற ஒரு சீனியரிடம் 1,800 டாலர் கொடுத்து, 1991 மாடல் ஜப்பான் கார் ஒன்றை வாங்கினேன். "எல்லாம் பக்காவா ஓடுது தம்பி. ஏசில மட்டும் கூலிங் கம்மி. கேஸ் போட்டா சரியாயிடும்" என்றார். டல்லாஸ் வெயில் நம்ம வேலூர் வெயிலுக்குச் சளைத்ததல்ல. அடுத்த சனிக்கிழமையே ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போனேன்.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து, ஏசி குழாயில் இருந்த வால்வு முனையைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார். இது ஆர்-12 கார். அந்தக் கேஸ் உற்பத்தியை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. இருக்கிற ஸ்டாக்கில் வாங்கிப் போட்டால் கேஸுக்கு மட்டுமே இருநூறு டாலருக்கு மேல். புது கேஸான ஆர்-134ஏ-வுக்கு முறைப்படி மாற்றிக் கொடுக்க நானூறு. கார் விலையில் கிட்டத்தட்ட கால்வாசி! நன்றி சொல்லிவிட்டு, நேராக உதிரிபாகக் கடைக்குப் போய் ஐம்பது டாலருக்குள் ஒரு 'மாற்று கிட்' வாங்கினேன். உள்ளே மூன்று டப்பா கேஸ், கொஞ்சம் எண்ணெய், இரண்டு அடாப்டர், ஒரு வான நீல ஸ்டிக்கர்.

செய்முறைத் தாளின் முதல் வரி, பழைய கேஸை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து மெஷின் மூலம் எடுத்துவிடச் சொன்னது. அதற்கும் காசு. அன்று ராத்திரி அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில், ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் நுனியால் வால்வுக்குள் இருந்த ஊசியை அழுத்திப் பிடித்தேன். உஸ்ஸென்று இரண்டு மூன்று நிமிஷம். லேசாக எண்ணெய் வாடை. முடிந்தது. புது கேஸை ஏற்றி, ஸ்டிக்கரை ஒட்டினேன். ஏசி ஜில்லென்று வந்தது. அடுத்த ஜூலையில் கம்ப்ரசர் ஜாம் ஆகி நின்றது என்பது தனிக்கதை.

அந்த உஸ்ஸில் வெளியே போனது என்ன, அதை ஏன் மெஷின் வைத்து எடுக்கச் சொன்னார்கள், அடாப்டரும் ஸ்டிக்கரும் எதற்கு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. பல வருஷம் கழித்து, வேறு எதையோ தேடப் போய் இந்த வரலாற்றில் மாட்டிக்கொண்டேன். அப்போது எடுத்த குறிப்புகளைத் தொகுத்துத்தான் இந்தக் கட்டுரை.

பாதுகாப்புக்காகப் பிறந்த வாயு

1920-களில் வீட்டு ஃப்ரிட்ஜ் ஒன்றும் சாதுவான பெட்டி இல்லை. உள்ளே ஓடியது அமோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு போன்ற வாயுக்கள். குழாயில் கசிவு வந்தால் தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். அப்படிச் செத்தவர்கள் உண்டு.

ஃப்ரிஜிடேர் கம்பெனி அப்போது ஜெனரல் மோட்டார்ஸின் கையில் இருந்தது. விஷமில்லாத, தீப்பிடிக்காத ஒரு வாயு வேண்டும் என்று 1928-ல் அவர்கள் தாமஸ் மிட்ஜ்லியிடம் கேட்டார்கள். படிப்பால் மெக்கானிக்கல் இன்ஜினியர். பெட்ரோலில் ஈயம் கலக்கும் முறையைக் கண்டுபிடித்தவரும் இவரேதான். ஆல்பர்ட் ஹென்னி என்ற வேதியியலாளரும் சேர்ந்து தேடியதில் கிடைத்தது டைகுளோரோ டைஃபுளோரோ மீத்தேன், அதாவது ஆர்-12. 1930-ல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் மிட்ஜ்லி அந்த வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, எரிகிற மெழுகுவர்த்தி மேல் ஊதிக் காட்டினார். மெழுகுவர்த்தி அணைந்தது. மனுஷர் நின்றுகொண்டிருந்தார். விஷமும் இல்லை, தீயும் இல்லை என்பதற்கு ஒரே மூச்சில் இரண்டு நிரூபணம். அதே வருஷம் ஜெனரல் மோட்டார்ஸும் டூபாண்டும் சேர்ந்து கம்பெனி ஆரம்பித்து, ஃப்ரியான் என்ற பெயரில் விற்க ஆரம்பித்தார்கள்.

இந்த '12', '134' எண்களுக்குப் பின்னால் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. எண்ணோடு 90-ஐக் கூட்டுங்கள். 12 + 90 = 102. முதல் இலக்கம் கார்பன் 1, அடுத்தது ஹைட்ரஜன் 0, கடைசி ஃபுளோரின் 2. ஒரு கார்பனுக்கு நாலு கை. இரண்டை ஃபுளோரின் பிடித்துக்கொண்டது, மிச்சம் இரண்டு கையில் குளோரின். இப்போது 134 + 90 = 224. கார்பன் 2, ஹைட்ரஜன் 2, ஃபுளோரின் 4. ஒன்றையொன்று பிடித்தது போக இரண்டு கார்பனுக்கும் மிச்சம் ஆறு கை. 2 + 4 = 6, எல்லாம் நிரம்பிவிட்டது. குளோரினுக்கு இடமே இல்லை. பின்னால் வரப்போகிற மொத்தக் கதையும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

காருக்குள் வந்தது, காரிலிருந்து கசிந்தது

காரில் ஏசியை விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் கம்பெனி பேக்கார்ட். 1939 நவம்பரில் சிகாகோ கார் கண்காட்சியில் காட்டினார்கள். விலை 274 டாலர். குளிரூட்டும் காயில் பின்பக்க டிக்கியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டது. கம்ப்ரசருக்கு கிளட்ச் கிடையாது. ஏசி வேண்டாமென்றால் இன்ஜினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும்! இரண்டு மூன்று வருஷத்தில் அதைக் கைவிட்டார்கள். 1950-களில் ஏசி திரும்பி வந்தது. 1960-களின் கடைசியில் அமெரிக்காவில் விற்ற புதுக் கார்களில் பாதிக்கு மேல் ஏசியோடு வந்தன. எல்லாவற்றிலும் ஆர்-12.

வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் கார் ஏசிக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. ஃப்ரிட்ஜில் மோட்டாரும் கம்ப்ரசரும் வெல்டிங் செய்த ஒரே இரும்புக் குடத்துக்குள் இருக்கும். கேஸ் வெளியே வர வழியே இல்லை, இருபது வருஷம் அப்படியே ஓடும். காரில் கம்ப்ரசரைச் சுற்றுவது இன்ஜின் பெல்ட். அதனால் சுழலும் தண்டு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதைச் சுற்றி ஒரு சீல். இன்ஜின் ஆடும், பாடி வேறு மாதிரி ஆடும், எனவே நடுவில் ரப்பர் ஹோஸ். சீல் வழியாகக் கொஞ்சம், ஹோஸ் வழியாகக் கொஞ்சம் என்று கசிந்துகொண்டே இருக்கும். குறைந்தால் மறுபடி நிரப்புவார்கள். கசிவு எங்கே என்று தேடுவதைவிட ஒரு டப்பா வாங்கிப் போடுவது மலிவு. ரிப்பேருக்கு முன்னால் மிச்சக் கேஸைக் காற்றில் விடுவதுதான் அன்றைய ஒர்க்‌ஷாப் வழக்கம். விஷமில்லாத வாயு, யாருக்கு என்ன கெடுதல் என்ற நினைப்பு.

சாதுவாக இருந்ததே குற்றமாயிற்று

1970-களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் லவ்லாக் தானே உருவாக்கிய ஒரு நுட்பமான கருவியோடு கப்பலில் அண்டார்டிகா பக்கம் போனார். தொழிற்சாலையே இல்லாத கடல் நடுவிலும் இந்தக் குடும்பத்து வாயு காற்றில் இருப்பதை அளந்து சொன்னார். அதைக் கேட்ட ஷெர்வுட் ரோலண்டுக்கு ஒரு எளிய கேள்வி வந்தது. இத்தனையும் கடைசியில் எங்கே போகிறது? மழையில் கரையாது, வேறு எதனுடனும் வினை புரியாது. அவரும் மரியோ மொலினாவும் 1974-ல் நேச்சர் இதழில் பதில் சொன்னார்கள். கீழே அழியாததால் அது மெல்ல மெல்ல ஸ்ட்ராடோஸ்பியர் வரை ஏறுகிறது. அங்கே புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து, குளோரின் தனியாகிறது. அந்த ஒரு குளோரின் அணு, தான் தீர்ந்துபோகாமல், ஓசோன் மூலக்கூறுகளை வரிசையாக உடைத்துக்கொண்டே போகிறது. ஒரு அணு ஏறத்தாழ ஒரு லட்சம் மூலக்கூறு வரை.

மிட்ஜ்லி மெழுகுவர்த்தி ஊதிக் காட்டிய குணமும் இதே குணம்தான். எதனோடும் சேராத அந்தச் சாதுத்தனமே அதை அவ்வளவு உயரம் கொண்டு சேர்த்தது.

1978-ல் அமெரிக்கா ஸ்ப்ரே டப்பாக்களில் இதைத் தடை செய்தது. கார் ஏசியை அப்போது யாரும் தொடவில்லை. 1985 மே மாதம், ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்ற மூன்று பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அண்டார்டிகாவின் ஹாலி பே நிலையத்து அளவுகளை வெளியிட்டார்கள். வசந்த காலத்தில் ஓசோன் பயங்கரமாகக் குறைந்திருந்தது. அதன்பிறகு வேலை வேகமாக நடந்தது. 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியல் நெறிமுறை கையெழுத்தானது. முதலில் உற்பத்தியைப் பாதியாகக் குறைப்பதுதான் திட்டம். 1990-ல் லண்டனிலும் 1992-ல் கோபன்ஹேகனிலும் கூடி அதை இறுக்கினார்கள். பணக்கார நாடுகளில் 1995 முடிவோடு சிஎஃப்சி உற்பத்தி நிறுத்தம். அதே 1995-ல் ரோலண்ட், மொலினா, பால் க்ரூட்சன் மூவருக்கும் நோபல் பரிசு.

பேடண்ட் வதந்தி

இந்த இடத்தில் ஒரு வதந்தியைப் பேசியாக வேண்டும். பழைய கார்க்காரர்களோடு பேசினால் கண்டிப்பாக வரும். "டூபாண்டின் ஃப்ரியான் பேடண்ட் முடிஞ்சுபோச்சு. அதனாலதான் ஓசோன் கதையைக் கிளப்பிவிட்டு, புது பேடண்ட் கேஸை நம்ம தலைல கட்டிட்டாங்க." நானும் இதைப் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன், சொல்லியும் இருக்கிறேன்.

தேதிகளை வைத்துப் பார்த்தால் இது நிற்காது. மிட்ஜ்லி குழுவின் பேடண்ட் 1931-ல் வழங்கப்பட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 17 வருஷம். 1948-ல் முடிந்தாயிற்று. ஓசோன் பிரச்சினை கிளம்பியது அதற்கு 26 வருஷம் கழித்து. அது மட்டுமில்லை, 1974-க்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் ரோலண்டையும் மொலினாவையும் கடுமையாக எதிர்த்த தரப்பில் டூபாண்டே முன்வரிசையில் இருந்தது. உற்பத்தியை முழுதாக நிறுத்துவோம் என்று அவர்கள் அறிவித்தது 1988 மார்ச்சில், நெறிமுறை கையெழுத்தான பிறகு. மாற்று வாயுக்களில் அவர்கள் லாபம் பார்த்தார்களா? பார்த்தார்கள். நெருப்பு பிடித்த வீட்டில் தண்ணீர் விற்றவனைக் குறை சொல்லலாம், ஆனால் அவன்தான் நெருப்பு வைத்தான் என்று சொல்லத் தேதி ஒத்துவர வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கிற கார்களை என்ன செய்வது?

1990-களின் தொடக்கத்தில் கார் கம்பெனிகள் புதுக் கார்களை ஒவ்வொன்றாக ஆர்-134ஏ-வுக்கு மாற்றின. 1995 மாடல் வரும்போது அமெரிக்காவில் மாற்றம் முடிந்துவிட்டது. ஆனால் சாலையில் ஏற்கெனவே ஆர்-12 போட்ட கோடிக்கணக்கான கார்கள். கேஸ் இல்லை, எல்லோரும் ஏசியை மறந்துவிடுங்கள் என்று டெக்சாஸ்காரனிடம் ஜூலை மாதத்தில் எந்த அரசாலும் சொல்ல முடியாது. பழைய காரை மாற்ற ஒரு வழி இருந்தாக வேண்டும்.

சாஃப்ட்வேரில் பழைய சிஸ்டத்தை மைக்ரேட் செய்தவர்களுக்கு இந்தத் தலைவலி புரியும். இரண்டு வாயுவின் கொதிநிலையும் பக்கத்தில் பக்கத்தில்தான். ஆர்-12 மைனஸ் 29.8 டிகிரி செல்சியஸ், ஆர்-134ஏ மைனஸ் 26 சொச்சம். காகிதத்தில் பார்த்தால் எடுத்துவிட்டு ஊற்ற வேண்டியதுதான். சிக்கல் வாயுவைச் சுற்றி இருந்தவற்றில் வந்தது.

முதலாவது எண்ணெய். கம்ப்ரசருக்கு உயவு தருவது கேஸோடு கரைந்து சுற்றிவரும் எண்ணெய்தான். ஆர்-12 மினரல் ஆயிலோடு நன்றாகக் கலக்கும். ஆர்-134ஏ கலக்காது. எண்ணெய் எங்காவது ஒரு மூலையில் தேங்கிவிட்டால் கம்ப்ரசர் காய்ந்துபோய் ஜாம் ஆகும். புதுக் கார்களுக்கு பேக் என்ற வேறு வகை எண்ணெய். அது ஈரத்தை வேகமாக இழுக்கும், பழைய ஆர்-12 விட்டுச்சென்ற குளோரின் எச்சத்தோடும் ஒத்துப்போகாது. அதனால் மாற்றுகிற கார்களுக்குப் பெரும்பாலும் எஸ்டர் எண்ணெய். மிச்சம் மீதியை அது கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

இரண்டாவது டிரையர். ஈரத்தை உறிஞ்ச உள்ளே மணிமணியாக ஒரு பொருள் இருக்கும். பழைய வகை மணிகள் புதுக் கேஸில் தாக்குப்பிடிக்காது, மாற்ற வேண்டும். ஓ-ரிங்குகளும் அப்படியே. கறுப்பு நைட்ரைல் ரப்பர் போய், பெரும்பாலும் பச்சை நிறத்தில் வருகிற புது வகை வந்தது. மூன்றாவது அழுத்தம். வெயிலில் டிராஃபிக்கில் நிற்கும்போது ஆர்-134ஏ-வின் உயர் பக்க அழுத்தம் ஆர்-12-ஐவிட அதிகமாக ஏறும். பழைய கண்டன்சர் திணறும். அதனால் பழைய அளவில் 80 முதல் 90 சதவீதம் மட்டுமே நிரப்ப வேண்டும். அழுத்தம் எல்லை மீறினால் வாயுவை வெளியே விடும் வால்வு உள்ள கார்களில், அதற்கு முன்பே கம்ப்ரசரை நிறுத்தும் ஸ்விட்ச் ஒன்றைப் பொருத்தச் சொன்னது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை.

நான்காவது ஹோஸ். ஆர்-134ஏ மூலக்கூறு சிறியது, பழைய ரப்பர் வழியாக ஓடிவிடும், எல்லா ஹோஸையும் நைலான் உள்படலம் உள்ளதாக மாற்ற வேண்டும் என்று முதலில் பயந்தார்கள். அப்படியென்றால் செலவு எங்கோ போய்விடும். நடைமுறையில் ஒரு நல்லது நடந்தது. வருஷக்கணக்கில் பழைய எண்ணெய் ரப்பருக்குள் ஊறி, அதுவே ஒரு தடுப்புப் போல ஆகியிருந்தது. நல்ல நிலையில் இருந்த பழைய ஹோஸ் பல கார்களில் அப்படியே தாங்கியது.

எனக்கு மிகவும் பிடித்தது ஐந்தாவது விஷயம். மாற்றத்தை எப்படிப் பிழையில்லாமல் நடத்துவது? லட்சக்கணக்கான மெக்கானிக்குகள், எல்லோரும் கையேடு படிக்கப் போவதில்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆர்-12-ஐ மீட்டு எடுக்கும் சிலிண்டரில் ஆர்-134ஏ கலந்துவிட்டால் மொத்தச் சிலிண்டரும் வீண். அடுத்து அதிலிருந்து நிரப்புகிற ஒவ்வொரு காரும் வீண். அதனால் வால்வு முனையையே வேறாக வைத்தார்கள். ஆர்-12-க்கு மரை போட்டுத் திருகும் முனை. ஆர்-134ஏ-வுக்கு அழுத்தி மாட்டும் முனை, தாழ் பக்கம் 13 மில்லிமீட்டர், உயர் பக்கம் 16 மில்லிமீட்டர். தப்பான ஹோஸைத் தப்பான இடத்தில் மாட்டவே முடியாது. மாற்றிய காரில் அடாப்டரை நிரந்தரமாகப் பொருத்த வேண்டும், வான நீல ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அதில் எந்தக் கேஸ், எவ்வளவு, எந்த எண்ணெய் என்று எழுத வேண்டும். நான் கிட்டில் பார்த்த அந்த இரண்டு அடாப்டரும் ஸ்டிக்கரும் இதுதான். ஒரு சர்வதேச ஒப்பந்தம் கடைசியில் பித்தளை முனையின் விட்டமாக என் கையில் வந்து சேர்ந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

விலையும் கள்ளக்கடத்தலும்

மக்கள் மாறியதற்கு இன்னொரு காரணம் காசு. 1990 முதல் அமெரிக்கா ஆர்-12 மேல் பவுண்டுக்கு 1.37 டாலர் வரி போட்டது. 1995-ல் அது 5.35 டாலர். சின்ன டப்பா ஆர்-12 வாங்கவே 1992 நவம்பரிலிருந்து மெக்கானிக் சான்றிதழ் வேண்டும்.

விலை ஏறினால் கடத்தல் வராமல் இருக்குமா? 1990-களின் நடுவில் மயாமி துறைமுகத்தில் போதைப்பொருளுக்கு அடுத்தபடியாகக் கடத்தல் மதிப்பில் இருந்தது இந்தக் கேஸ்தான் என்று பத்திரிகைகள் எழுதின. ரஷ்யாவிலிருந்தும், உற்பத்திக்கு இன்னும் அனுமதி இருந்த வளரும் நாடுகளிலிருந்தும் வந்தது. இன்னொரு பக்கம், "எதையும் மாற்ற வேண்டாம், அப்படியே ஊற்றலாம்" என்று புரொப்பேன் வகையறாக் கலவைகளை விற்றவர்கள். நன்றாகக் குளிரும், உண்மைதான். ஆனால் காருக்குள் கசிந்தால் தீப்பிடிக்கும். பழைய கார்களில் அதைப் போடக் கூடாது என்று தடை வந்தது.

மேட்டூர் வரை

வளரும் நாடுகளின் பட்டியலில் நாமும் உண்டு. இந்தியா 1992-ல் நெறிமுறையில் சேர்ந்தது. அதற்கு முன் டெல்லி வைத்த வாதம் நியாயமானது. ஓசோனில் ஓட்டை போட்டது பெரும்பாலும் உங்கள் கேஸ், மாற்றுகிற செலவு மட்டும் எங்களுக்கா? 1990 லண்டன் கூட்டத்தில் பலதரப்பு நிதியம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். பணக்கார நாடுகள் காசு போட, ஏழை நாடுகள் தொழிற்சாலைகளை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு.

இந்தியாவில் சிஎஃப்சி தயாரித்தவை நாலு கம்பெனிகள். அதில் ஒன்று நம்ம மேட்டூரில் இருந்த செம்ப்ளாஸ்ட் சன்மார். அணை பார்க்கப் போகும்போது சின்ன வயதில் நான் பலமுறை தாண்டிப் போன ஊர். ஃப்ரிட்ஜிலும் காரிலும் ஓடிய கேஸ் அங்கேயும் தயாரானது என்று தெரிந்தபோது டல்லாஸ் பார்க்கிங் சட்டென்று பக்கத்தில் வந்துவிட்டது. 1999-ல் இந்திய சிஎஃப்சி உற்பத்தியைப் படிப்படியாக மூட நிதியம் 8.2 கோடி டாலர் ஒதுக்கியது. கெடு 2010. இந்தியா 2008 ஆகஸ்ட் 1-லேயே நிறுத்திவிட்டது, ஆஸ்துமா இன்ஹேலருக்கான விதிவிலக்கு தவிர. பதினேழு மாதம் முன்னதாக. இதை நம் ஊரில் யாராவது பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

என் கணக்கு

கடைசியாக, அந்த உஸ்ஸுக்கு வருகிறேன்.

அந்தக் காரில் முழு அளவு கிட்டத்தட்ட 900 கிராம். கூலிங் குறைந்திருந்ததால் மிச்சம் 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஓசோன் ஒருபுறம் இருக்கட்டும், ஆர்-12 வெப்பத்தைப் பிடித்து வைப்பதிலும் கெட்டிக்காரன். நூறு வருஷக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 10,900 மடங்கு. 300 கிராமுக்கு மூன்றேகால் டன் வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரித்தால் 2.3 கிலோ. ஆக, 1,400 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் என்றால் 14,000 கிலோமீட்டர் ஓட்டம். ஒரு வருஷம் முழுக்க ஓட்டி வெளியேற்றுவதை இரண்டு மூன்று நிமிஷத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவரால் செய்திருக்கிறேன். 1992-லிருந்தே அது சட்டப்படி குற்றம் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

ஆர்-12-ன் வளிமண்டல ஆயுள் ஏறத்தாழ நூறு வருஷம். இருபது வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் அழிந்திருக்கும். மீதி இன்னும் மேலே இருக்கிறது.

அந்த கம்ப்ரசர் ஏன் போனது என்பதும் இப்போது புரிகிறது. டிரையரை மாற்றவில்லை. வேக்வம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் எடுக்கவில்லை. பழைய எண்ணெயை வடிக்கவில்லை. நானூறு டாலர் கேட்ட மெக்கானிக் என்னை ஏமாற்றப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது இந்த வேலைகளுக்கான கூலி.

இந்த வரலாற்றை நல்லவர்கள் பூமியைக் காப்பாற்றிய கதையாக மட்டும் சொல்வது வழக்கம். என் அனுபவத்தை வைத்து ஒரு திருத்தம் சொல்வேன். என்னைப் போன்றவர்களின் மனசாட்சியை நம்பி விட்ட இடத்தில் ஏற்பாடு தோற்றது. தாளில் எழுதியிருந்தும் நான் கேஸை வெளியே விட்டேன். என் மனசாட்சியை நம்பாத இடங்களில் ஜெயித்தது. டூபாண்டிலும் மேட்டூரிலும் உற்பத்தி நின்றது. வரி ஏறியது. முனையின் விட்டம் மாறியது. என் அடுத்த காரில் ஆர்-12 போட நினைத்தாலும் முடியாது. பழைய கார்க்காரர்களுக்குக் கிடைத்த மாற்று வழி, அந்தத் தொழிற்சாலைகளை மூடும்போது ஊர் கொதிக்காமல் பார்த்துக்கொண்டது. அதன் பெரிய உபயோகம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஓசோன் படலம் தேறி வருகிறது. 2022-ல் ஐ.நா. சார்பில் வந்த அறிவியல் மதிப்பீடு, இப்போதைய கொள்கைகள் தொடர்ந்தால் அண்டார்டிகா மேலே சுமார் 2066-ல் அது 1980 நிலைக்குத் திரும்பும் என்கிறது. உலகின் பெரும்பகுதியில் 2040 வாக்கில்.

ஆர்-134ஏ-வுக்கும் இப்போது முறை வந்துவிட்டது. குளோரின் இல்லை, ஓசோனைத் தொடாது, ஆனால் வெப்பக் கணக்கில் 1,430 மடங்கு. 2016-ல் கிகாலியில் கூடி இந்தக் குடும்பத்தையும் படிப்படியாகக் குறைக்க முடிவெடுத்தார்கள். ஐரோப்பாவில் 2017 முதல் புதுக் கார்களில் 150 மடங்குக்கு மேற்பட்ட எதையும் போட முடியாது. அங்கே இப்போது பெரும்பாலும் ஆர்-1234ஒய்எஃப். அதற்கும் தனி முனை, தனி மெஷின்.

இப்போது சென்னையில் நான் ஓட்டுகிற காரில் இருப்பது ஆர்-134ஏ. போன மே மாதம் கூலிங் குறைந்தது. மெக்கானிக் அண்ணன் வால்வு மூடியைத் திறந்தபடியே, "இருக்கிற கேஸை வெளிய விட்டுட்டு ஃப்ரெஷ்ஷா போட்டுடலாம் சார், அஞ்சு நிமிஷம்" என்றார். ரெக்கவரி மெஷின் இருக்கிற இடத்துக்குப் போகிறேன் என்றேன். எழுநூறு ரூபாய் கூடுதலாக ஆயிற்று. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். டல்லாஸ் மெக்கானிக்கை அன்றைக்கு நான் பார்த்ததும் அப்படித்தான் இருந்திருக்கும்.